மற்றவர் பந்தியை எழுதிய இருவர்

“ரெண்டு பக்கமும் போட்டாச்சு அண்ணை. இனி என்ன செய்யிறது?”

அலுவலகப் படிக்கட்டில் என்னை மறித்த இளம் செய்தியாளர் ஒருவர் கைத்தொலைபேசியை நீட்டினார். ஒரு கோயில் பிணக்கு. இரு தரப்பினரும் வாட்ஸ்அப்பில் அனுப்பிய அறிக்கைகள் ஒன்றன் கீழ் ஒன்றாக ஒட்டப்பட்டிருந்தன. நடுவில் ஒரு கோடு. மேலே இருந்தவர் கீழே இருந்தவரைக் கள்ளன் என்றார். கீழே இருந்தவர் மேலே இருந்தவரை அதையே சொன்னார். நடுநிலைமை என்று இதைத்தான் இன்று சொல்கிறோம்.

நான் ஓய்வுபெற்றவன். ஓய்வூதிய அலுவலாக அன்று வந்திருந்தேன். “உங்கடை காலத்திலை எப்பிடி?” என்று அவர் கேட்டதற்குப் படிக்கட்டில் நின்று பதில் சொல்ல முடியவில்லை. இங்கே எழுதுகிறேன்.

பண்டத்தரிப்பிலிருந்து வந்து மெய்ப்புப் பார்ப்பவனாகச் சேர்ந்து, செய்தியாளனாகி, துணை ஆசிரியராக முடித்தேன். கடதாசி வராத காலத்தில் கோடு போட்ட கொப்பித் தாளில் பத்திரிகை அடித்ததையும், ஊரடங்குக்குள் சைக்கிளில் திரிந்ததையும் மற்றவர்கள் எழுதிவிட்டார்கள். நான் தொழில் படித்தது அந்த ஆண்டுகளில் அல்ல. யுத்தம் முடிந்தபின், செய்தி ஆசிரியர் மகேஸ்வரியின் மேசைக்கு முன்னால்தான் படித்தேன்.

அலுவலகம் முழுவதும் அவரை மகேஸ் அக்கா என்றது. அச்சுவேலியிலிருந்து பஸ்ஸில் வருவார். குரல் உயர்த்தமாட்டார். யாரும் முக்கியமாக எதையாவது சொல்ல வந்தால் முதலில் மேல் விசிறியை நிறுத்தச் சொல்வார். எவ்வளவு வெக்கையானாலும் அது நிற்கவேண்டும். விசிறி நின்றால் வந்தவர் தன் குரலைத் தானே கேட்பார், கேட்டால் பாதிப் பொய் குறையும் என்பது அவருடைய எண்ணம்.

யாழ்ப்பாணத்துப் பத்திரிகைக்குக் கோயில் பிணக்கு ஓயாத செய்தி. ஒரு பக்கத்தில் பரம்பரைத் தர்மகர்த்தா நிற்பார். கோயிலைக் கட்டியவர் தன் பாட்டன், ஆகவே திறப்பு, கோயில் சாவி, தன் மடியில் என்பார். மறுபக்கத்தில் ஊர் கூடித் தெரிவுசெய்த பரிபாலன சபை நிற்கும். கோயில் ஊருடையது, ஆகவே திறப்பு எங்கள் கையில் என்பார்கள். இந்தப் பிணக்குகளுக்காக மகேஸ் அக்கா ஒரு நடைமுறை வைத்திருந்தார். அதற்கு நாங்கள் வைத்த பெயர் ‘மற்றவர் பந்தி’.

நடைமுறை இதுதான். தன் பக்க நியாயத்தை எவரும் தானே எழுதித் தரக்கூடாது. எதிர்த்தரப்பின் நியாயத்தை ஒரு பந்தியில் எழுதவேண்டும். ‘நாங்கள்’ என்று, எதிர்த்தரப்பின் வாயால் எழுதவேண்டும். ‘ஆனால்’ வரக்கூடாது. ‘என்கிறார்களாம்’ வரக்கூடாது. எழுதியதை எதிர்த்தரப்பின் முன்னால் வாசிக்கவேண்டும். அவர் “ஓம், இதுதான் நாங்கள் சொல்லுறது” என்றால்தான் அந்தப் பந்தி அச்சுக்குப் போகும். ஒரு பந்தி தவறினால் இரண்டும் போகாது. எந்தப் பந்தியை யார் எழுதினார் என்று அச்சில் போடுவதில்லை.

வாசிக்கும்போது மகேஸ் அக்கா வாசிப்பவரைப் பார்க்கமாட்டார். ஒருநாள் ஏனென்று கேட்டேன்.

“வாசிக்கிற ஆளைப் பார்த்து என்ன பிரயோசனம் தம்பி? கேக்கிற ஆளைப் பார். செய்தி அங்கைதான் இருக்கு.”

பெரும்பாலானோர் கோபித்துக்கொண்டு எழுந்து போவார்கள். சிலர் எழுதுவார்கள். தென்மராட்சித் தர்மகர்த்தா ஒருவர் சபையின் நியாயத்தை வாசித்துக்கொண்டு போய் நடுவில் நிறுத்தி, “உது நியாயம்தானே, ஏன் உவங்கள் எனக்கு இப்பிடிச் சொல்லேல்லை?” என்று கேட்டார். சபைத் தலைவர், “நீர் எங்கை ஐயா எங்களைக் கதைக்க விட்டனீர்?” என்றார். வழக்கு அதன்பிறகும் நடந்தது. ஆனால் திருவிழாவும் நடந்தது.

நான் சொல்ல வந்தது இன்னொரு பிணக்கு. கோயிலைப் பற்றியது அல்ல.

பெரியகடைப் பக்கம் ஹைதர் பாய் என்பவருக்குக் கண்ணாடிக் கடை இருந்தது. குஜராத்திலிருந்து பாட்டன் காலத்தில் வந்த போரா குடும்பம். போராக்கள் முஸ்லிம்கள், ஷியா பிரிவினர். யாழ்ப்பாணத்தில் அப்படி அவர் வீடு ஒன்றுதான் மிஞ்சியிருந்தது. நகரத்துச் சைவ வீடுகளில் தொங்கும் முருகனுக்கும் பிள்ளையாருக்கும் பாதிக்கு மேல் அவர் கடையில்தான் கண்ணாடி வெட்டிச் சட்டம் போட்டார்கள். எங்கள் அலுவலக யன்னல் கண்ணாடிகளும் அவர் வெட்டியவை.

மௌலவி நூர்தீன் சோனகத்தெருப் பள்ளிவாசல் ஒன்றில் தொழுகை நடத்துபவர். யாழ்ப்பாண முஸ்லிம்கள் ஏறக்குறைய எல்லோரையும் போல அவரும் சுன்னி. அவருடைய தகப்பனாரும் அதே பள்ளியில் தொழுகைக்கு முன்னின்றவர். தொண்ணூறாம் ஆண்டு முஸ்லிம்கள் எல்லோரும் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட அந்த வெளியேற்றத்தில் இரண்டு குடும்பங்களும் ஒரே பகலில் ஊரை விட்டுப் போயின. மௌலவி புத்தளத்து முகாமிலிருந்தும் பாய் கொழும்பிலிருந்தும் யுத்தம் முடிந்தபின் திரும்பி வந்தார்கள்.

ஒரு காலைப்பொழுது இருவரும் தனித்தனியே, ஒருவர் வருவது மற்றவருக்குத் தெரியாமல், எங்கள் அலுவலகத்துக்கு வந்தார்கள். வாசல் வாங்கில் அருகருகே உட்கார வேண்டியதாயிற்று.

“என்ன பாய், யன்னல் உடைஞ்சு போச்சோ?” என்றார் மௌலவி.

“இல்லை மௌலவி. வேறை சாமான் உடைஞ்சு போச்சு.”

விஷயம் இதுதான். பாயின் மனைவி சகீனா தெல்லிப்பழை ஆஸ்பத்திரியில் புற்றுநோயோடு இருந்தார். இனி வீட்டில் வைத்துப் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார்கள். அவர் கேட்டது ஒன்றே ஒன்று. வெளியேற்றத்துக்கு முன் காய்ச்சலில் இறந்த நான்கு வயது மகன் முர்தசா இந்த ஊர் மையவாடியில், முஸ்லிம்களை அடக்கும் நிலத்தில், கிடக்கிறான், தன்னை அவனுக்குப் பக்கத்தில் வைக்கவேண்டும். அவர்களுக்கு அவன் ஒரே பிள்ளை. அன்று அவனைக் குழிக்குள் இறங்கி வாங்கியவர் மௌலவியின் தகப்பனார். ஷியாவா சுன்னியா என்று அன்று ஒருவரும் கேட்கவில்லை.

இப்போது கேட்டார்கள். யாரோ அச்சடித்த துண்டுப்பிரசுரம் ஒன்று வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் பின் வீதியில் கிடந்தது. நபிகளுக்குப் பின் வந்த முதல் மூன்று கலீபாக்களை ஏற்காதவர்கள், ஏசுகிறவர்கள் நம்மவர்கள் அல்ல, அவர்களுக்கு நம் மையவாடியில் இடம் இல்லை என்றது அது. பள்ளி நிர்வாக சபையின் செயலாளர் றியாஸ், புத்தளத்து முகாமில் பிறந்தவர். பிரசுரத்தை அவர் எழுதவில்லை. ஆனால் அந்தக் கேள்வியைக் கைவிட அவர் தயாராக இல்லை. “கொழும்பிலை உங்கடை ஆக்களுக்கெண்டு மையவாடி இருக்குத்தானே பாய், அங்கை கொண்டு போங்கோ” என்று மரியாதையாகவே சொல்லியிருக்கிறார். சபை கூடித் தீர்மானிக்க இருந்தது.

பாய் தன் மறுப்பை எழுதிக் கொண்டுவந்திருந்தார். மௌலவியும் ஒரு விளக்கம் எழுதிக் கொண்டுவந்திருந்தார். மகேஸ் அக்கா இரண்டையும் வாங்கி, வாசிக்காமலே மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு என்னிடம் சொன்னார்:

“தம்பி, விசிறியை நிப்பாட்டு.”

நடைமுறையைச் சொன்னார். ‘நாங்கள்’ என்ற இடத்தில் மௌலவி கையை உயர்த்தினார்.

“தங்கச்சி, கோவியாதையுங்கோ. கோயில் திறப்புக்கு உது சரி வரும். இது ஈமான், விசுவாசம். நான் நம்பாத ஒண்டை நாங்கள் நம்புறம் எண்டு சொல்ல என்ரை நா வராது. சும்மா வாசிக்கிறதெண்டாலும் வராது.”

மகேஸ் அக்கா முதல் தடவையாகத் தடுமாறியதைக் கண்டேன். கோயில் வழக்குகளில் ஒருவரும் இப்படிச் சொன்னதில்லை. இரு தரப்பும் கும்பிட்டது ஒரே சாமியை. தன் விதி எந்த மண்ணில் முளைத்தது என்று அவருக்கு அந்தக் கணத்தில்தான் தெரிந்திருக்கவேண்டும்.

அவர் பதில் சொல்லுமுன் பாய் சொன்னார்: “அவர் சொல்லுறது சரி. எனக்கும் வராது. ‘ஹைதர் வீட்டார்’ எண்டு அவர் எழுதட்டும். ‘மௌலவி வீட்டார்’ எண்டு நான் எழுதுறன். வீடு வேறை எண்டது எங்களுக்குத் தெரியும். பக்கத்து வீட்டிலை என்ன சமைக்கினம் எண்டு சொல்ல ஏலும்தானே?”

“மணத்தை வைச்சோ?” என்றார் மௌலவி.

“இத்தினை வருசம் பக்கத்திலை இருந்தாச்சு மௌலவி. மணத்தை வைச்சே சொல்லலாம்.”

மகேஸ் அக்கா சிரித்தார். விதி அவ்விடத்தில் திருத்தப்பட்டது.

முதல் வாசிப்பு இரண்டு நாள் கழித்து நடந்தது. மௌலவி நன்றாகத் தமிழ் எழுதுபவர். ‘ஹைதர் வீட்டார் சமயத் தலைமையை நபிகளின் குடும்பத்துப் பரம்பரைச் சொத்தாகக் கருதுகிறார்கள்’ என்று தொடங்கினார். மகேஸ் அக்கா பாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பார்த்தேன். பாயின் முகம் மூடிக்கொண்டது.

“சொத்து இல்லை மௌலவி.”

“வாப்பாவிட்டையிருந்து மகனுக்குத்தானே போகுது?”

“போகுது. ஆனா சொத்து மாதிரி இல்லை. வாப்பா கண்ணை மூடினாப் பிறகு மகன் வந்து திறப்பை எடுக்கிற காரியம் இல்லை. வாப்பா உயிரோடை இருக்கேக்கை பேர் சொல்லிக் காட்டவேணும், இனி வழிகாட்டுற இமாம் இவர்தான் எண்டு. அந்தக் காட்டுறது ஆண்டவன்ரை கட்டளையாலை. காட்டாட்டில் மகனும் சும்மா மகன்தான். எத்தினை மகன்மார் இருந்தவை, எல்லாரும் இமாமோ?”

மௌலவி பேனையைக் கீழே வைத்தார். “இவ்வளவு காலமும் நான் பிள்ளையளுக்குச் சொத்து எண்டுதான் படிப்பிச்சிருக்கிறன்” என்றார். வெட்கப்பட்டுச் சொல்லவில்லை. ஒரு வீதியின் பெயரைப் பிழையாகச் சொல்லிவந்தவர் பலகையைக் கண்டதும் சொல்வது போலச் சொன்னார்.

மகேஸ் அக்கா பாயிடம் கேட்டார்: “இப்ப உங்கடை இமாம் ஆர்?”

“இருக்கிறார்.”

“எங்கை?”

“தெரியாது. மறைஞ்சிருக்கிறார். அந்த வரிசையிலை ஒருத்தர் மறைஞ்சு தொள்ளாயிரம் வருசத்துக்குக் கிட்ட. ஆனா வரிசை அறுந்து போகேல்லை. அவருக்குப் பிறகு மகன், அவருக்குப் பிறகு மகன். இண்டைக்கும் ஒருத்தர் இந்தப் பூமியிலை நடக்கிறார், சாப்பிடுறார். அவருக்காக எங்களை நடத்த ஒருத்தர் இருக்கிறார். அவரும் காட்டப்பட்டவர்தான்.”

“ஒருதரும் காணாமல் எப்பிடி இருக்கிறாரெண்டு தெரியும்?”

பாய் கொஞ்ச நேரம் யன்னலைப் பார்த்தார். தான் வெட்டிய கண்ணாடியைத்தான்.

“நான் இருக்கிறன்தானே தங்கச்சி? வழி காட்ட ஒருத்தர் இல்லாத உலகத்திலை ஆண்டவன் என்னை விட்டிருக்கமாட்டார்.”

ஆயிரக்கணக்கான பேட்டிகளில் இருந்தவன் நான். பதில்களை எடைபோடுவதே என் வேலை. அந்தப் பதிலை எடைபோட என்னிடம் படிக்கல் இருக்கவில்லை. மௌலவி அதை நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. அதன் முன்னால் அவர் மரியாதையாக நிற்கிறார் என்பதும் தெரிந்தது.

“சகீனாவுக்கும் எனக்கும் ஒரு பிள்ளை” என்றார் பாய், அதே குரலில். “வரிசையை நம்புற ஆள் நான், எனக்குப் பிறகு வரிசை இல்லை. மௌலவி வரிசை வேண்டாமெண்டுற ஆள். அவரின்ரை வாப்பாவும் உந்தப் பள்ளியிலை முன்னுக்கு நிண்டவர், இவரும் நிக்கிறார்.”

“சபை நில்லெண்டு சொன்னது, நிக்கிறன்” என்றார் மௌலவி. “நாளைக்கு வேண்டாமெண்டால் பின்வரிசையிலை நிப்பன். வாப்பாவின்ரை மகன் எண்டு ஒரு அடி முன்னுக்கு வைக்க எனக்கு உரிமை இல்லை. அதுதான் பாய், நீங்கள் எழுத வேண்டிய பந்தி.”

பாய் குனிந்து அதைக் குறித்துக்கொண்டார்.

இரண்டாவது வாசிப்பு அடுத்த வாரம். அன்று காலை சகீனாவை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார்கள். பாய் நேரே வீட்டிலிருந்து வந்தார். வெக்கை. விசிறி நின்றது.

மௌலவி வாசித்தது, அச்சில் வந்தபடியே:

‘ஹைதர் வீட்டார் நம்புவது இது. நபிகள் நாயகம் கடைசித் தூதர். இனி வேதம் வராது. வந்த வேதத்தின் ஆழத்தைத் திறந்து காட்ட ஒரு வழிகாட்டி எக்காலமும் பூமியில் இருக்கவேண்டும். மனிதர் கூடித் தெரிவுசெய்தால் தங்கள் அளவுக்கே தெரிவுசெய்வார்கள். ஆகவே அவரைக் காட்டுவது இறைவனின் பொறுப்பு. கடைசி ஹஜ்ஜிலிருந்து திரும்பும் வழியில் கதீர் என்னும் இடத்தில், வெயிலில், நபிகள் கூட்டத்தை நிறுத்தித் தம் மருமகன் அலியின் கையைப் பிடித்து உயர்த்தினார். உயர்த்தப்பட்ட கை அடுத்த கையை உயர்த்தியது. மகன் என்பதால் மட்டும் அல்ல, காட்டப்பட்டதால். அந்த வரிசை கண்ணுக்கு மறைந்தது, அறவில்லை. அவர்கள் எந்தக் காரியத்திலும் தாமாக முன்னுக்கு நிற்பதில்லை. அனுமதி பெற்று நிற்கிறார்கள்.’

நான் பாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ‘வெயிலில்’ என்ற சொல்லில் அவர் கண்களை மூடினார். கடைசி வரி வரையும் திறக்கவில்லை.

“ஓம்” என்றார். அவ்வளவுதான்.

பிறகு பாய் வாசித்தார்:

‘மௌலவி வீட்டார் நம்புவது இது. நபிகள் தமக்குப் பின் இன்னார் என்று பெயர் குறித்து வைக்கவில்லை. அது மறதி அல்ல. தாம் வளர்த்த சமூகம் தன்னைத் தானே நடத்தும் என்று அவர் வைத்த நம்பிக்கை. தோழர்கள் கூடி அபூபக்கரைத் தெரிவுசெய்தார்கள். நபிகள் நோயுற்றபோது அவருக்குப் பதிலாகத் தொழுகை நடத்தியவர் அவர். பொறுப்பேற்றதும், நான் நேரே நடந்தால் துணை நில்லுங்கள், கோணினால் நிமிர்த்துங்கள் என்று சபையைக் கேட்டுக்கொண்டார். நபிகளின் குடும்பத்தை நேசிப்பது அவர்களுக்கும் கடமை. அலி அவர்களுக்கும் கலீபா, நான்காமவர். கதீரில் உயர்ந்த கையை அன்பின் கட்டளையாக ஏற்கிறார்கள், ஆட்சியின் கட்டளையாக அல்ல. மனிதனுக்கும் இறைவனுக்கும் இடையில் எவருடைய பிறப்பும் நிற்பதில்லை. தொழுகையில் முன்னுக்கு நிற்பவர் நாளை பின்வரிசையில் நிற்கக்கூடியவர்.’

மௌலவி “மறதி அல்ல, நம்பிக்கை” என்று மெல்லத் திருப்பிச் சொன்னார். “ஓம். இதுதான். பாய், இதை நான் இவ்வளவு நல்லாச் சொன்னதில்லை.”

“நான் நம்பேல்லை மௌலவி.”

“தெரியும். அதாலைதான் சொல்லுறன்.”

மகேஸ் அக்கா ஒரே ஒரு கேள்வி கேட்டார். “அபூபக்கரைத் தெரிவுசெய்த நேரம் அலி எங்கை நிண்டவர்?”

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். “நபிகளின்ரை உடலைக் குளிப்பாட்டுற அலுவலிலை நிண்டவர்” என்றார் மௌலவி. “இன்னும் அடக்கேல்லை.”

“அப்ப இது செத்தவீட்டிலை துவங்கின பிரச்சினை.”

“ஓம் தங்கச்சி” என்றார் பாய். “அடக்கம் முடிய முன்னம் துவங்கினது.”

அவரும் ஒரு அடக்கத்துக்குக் காத்திருந்த வீட்டிலிருந்துதான் வந்திருந்தார்.

பந்திகள் இரண்டும் ஞாயிற்றுக்கிழமைப் பதிப்பில் அருகருகே வந்தன. நடைமுறைப்படி எழுதியவர் பெயர் இல்லை.

அந்த வாரம் நிர்வாக சபை பள்ளி முன்கூடத்தில் கூடியது. மௌலவியின் அழைப்பில் செய்தியாளனாக நானும் போய் ஓரமாக உட்கார்ந்தேன். நுழையும்போதே கண்ணில் பட்டது: அறிவித்தல் பலகையில் எங்கள் பத்திரிகைத் துண்டு. இரண்டு பந்தியும் அல்ல, ‘மௌலவி வீட்டார் நம்புவது’ மட்டும். ஓரங்களை மட்டம் வைத்து வெட்டி, நான்கு மூலையிலும் ஊசி குத்தியிருந்தது.

றியாஸ் பேச்சைத் தொடங்கினார். தன் குடும்பத்து மூத்தவர்களைப் புதைத்த கபுறுகள் எவையென்றே மையவாடிப் பற்றைக்குள் தெரியாமல் போனதைச் சொன்னார். “எங்களிட்டை மிஞ்சினது இந்தத் துண்டு நிலம். இதிலை ஆர் எங்கடை ஆக்கள் எண்டு கேக்கிறது பிழையோ?” என்றார். பிழையில்லை என்றே எனக்குப் பட்டது. பிறகு பாயிடம் திரும்பினார்.

“பாய், நேரே கேக்கிறன். எங்கடை கலீபாக்களை ஏசுவியளோ? அந்தத் துண்டுப்பிரசுரத்திலை எழுதியிருக்கு. நான் கேட்டு அறிய வேணும்.”

பாய் எழுந்தார். “ஏசுற வீட்டிலை நான் வளரேல்லை. நீங்கள் என்ரை வாயை நம்பத் தேவையில்லை தம்பி. அபூபக்கரைப் பற்றி நான் எழுதினது உங்கடை பலகையிலை இருக்கு. அதிலை ஏச்சு இருந்தால் காட்டுங்கோ.”

“உது எங்கடை மௌலவி எழுதினது.”

“நான் எழுதேல்லை” என்றார் மௌலவி.

கூடத்தில் விசிறி ஓடிக்கொண்டிருந்தது. அதன் சத்தம் எனக்குக் கேட்டது.

“மௌலவி வீட்டார் நம்புவது எண்டுதானே போட்டிருக்கு?”

“நாங்கள் நம்புறதுதான். அதைப் பாய் எழுதினவர். அவை நம்புறதை நான் எழுதினனான். பேப்பர்க்காரரின்ரை சட்டம் அப்பிடி. வெள்ளிக்கிழமை பயான் பிரசங்கத்திலையும் உதைத்தான் வாசிக்கவேணுமெண்டு நீர் என்னைக் கேட்டனீரல்லோ?”

பின்னால் ஒருவர் சிரித்துவிட்டு இருமலாக்கினார். றியாஸ் எழுந்து பலகைக்குப் போனார். கழற்றத்தான் போகிறார் என்று நினைத்தேன். நின்றபடியே அந்தப் பந்தியை முழுவதும் ஒருமுறை வாசித்தார். திரும்பி வந்து உட்கார்ந்தார். துண்டு பலகையிலேயே இருந்தது.

“ஏச்சு இல்லை” என்றார்.

சபை இடம் கொடுத்தது.

சகீனா அம்மா மழைக்காலத்துக்கு முன் ஒரு காலையில் போனார். மையவாடியில் மகனின் கபுறைத் தேடவேண்டியிருக்கவில்லை. பாய் தன் கடைத் தடித்த கண்ணாடியில் ஒரு துண்டை அவனை அடக்கிய காலத்திலேயே அதன் தலைமாட்டில் பதித்திருந்தார். பற்றை வெட்டியதும் பச்சை விளிம்பு வெயிலில் தெரிந்தது. குழி அதன் பக்கத்தில் வெட்டப்பட்டது.

பிற்பகல். பள்ளி முற்றத்தில் சகீனா அம்மாவின் உடல், ஜனாஸா, தொழுகைக்காக வைக்கப்பட்டிருந்தது. கொழும்பிலிருந்து உறவினர் நாலைந்து பேர் வந்திருந்தார்கள். மௌலவி பாயிடம், “உங்கடை முறைப்படி நீங்களே தொழுவியுங்கோ” என்றார். பாய் முன்னுக்குப் போகவில்லை. கைத்தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு மதிலோரம் நின்றார். அழைத்தார். காத்திருந்தார். மீண்டும் அழைத்தார். வரிசை கலையத் தொடங்கியது.

“தன்ரை பெண்சாதிக்குத் தொழுவிக்க உவர் ஆரிட்டைக் கேக்கிறார்?” என்றார் ஒருவர், எல்லோருக்கும் கேட்க.

“தாமாக முன்னுக்கு நிக்கிறேல்லை” என்றார் மௌலவி. “அனுமதி வந்துதான் நிப்பினம். பேப்பரிலை வாசிக்கேல்லையோ?”

தொலைபேசி அடித்தது. பாய் குனிந்து, நெஞ்சில் கை வைத்து, எங்கோ கொழும்பில் இருந்த ஒரு குரலைக் கேட்டார். அந்தக் குரலுக்குப் பின்னால் இன்னொரு குரல், அதற்கும் பின்னால் எவரும் காணாத ஒருவர். மனைவிக்கு முன் நிற்பதற்கான அனுமதி அவ்வளவு தூரத்திலிருந்து வருகிறது என்று அந்த மனிதர் நம்பினார். நிமிர்ந்தபோது அவர் வேறொருவராக இருந்தார். நேரே போய் முன்னால் நின்றார்.

மௌலவி அவருக்குப் பின்னால் முதல் வரிசையில் நின்றார். நிற்குமுன் திரும்பி எல்லோருக்கும் சொன்னார்: “‘அல்லாஹு அக்பர்’ எண்டுற தக்பீர் எங்களுக்கு நாலு. இவைக்கு அஞ்சு. நபிகள் சில வேளை அஞ்சு சொன்னவர் எண்டு எங்கடை பக்கத்து ஹதீஸ் அறிவிப்பும் இருக்கு. நாலோடை திரும்பாதையுங்கோ. காத்திருங்கோ. ஏலாத ஆக்கள் ஓரமா நில்லுங்கோ, குறை இல்லை.”

சிலர் ஓரமாகப் போனார்கள். றியாஸ் வாசலில் செருப்போடு நின்றார். முதல் தக்பீருக்குச் சற்று முன், செருப்பைக் கழற்றிவிட்டுக் கடைசி வரிசையின் கடைசி ஆளாக வந்து நின்றார்.

நான் மதிலுக்கு வெளியே நின்றேன். முன்னால் நின்றவரைப் பார்க்கவில்லை.

‘அல்லாஹு அக்பர்’ என்று பாயின் குரல் நான்காவது முறையும் எழுந்தது. சுன்னிகள் இவ்விடத்தில் ஒரு சிறு பிரார்த்தனையோடு முகத்தை வலப்பக்கம் திருப்பிச் சலாம் கொடுத்து முடிப்பார்கள். பிறந்ததிலிருந்து கழுத்துக்குத் தெரிந்த அசைவு அது. றியாசின் கழுத்து அசையத் தொடங்கியது. கன்னம் வலத்தோளை நோக்கி ஒரு விரற்கடை போயிற்று. நின்றது. மெல்லத் திரும்பி நேரே வந்தது. முற்றம் முழுவதும் ஒருவரும் திரும்பவில்லை. நாற்பது ஐம்பது பேர் தங்களுடையது அல்லாத ஒன்றுக்காக அசையாமல் காத்து நின்றார்கள்.

ஐந்தாவது வந்தது.

அலுவலகத்துக்குத் திரும்பியபோது மகேஸ் அக்கா மெய்ப்புப் பார்த்துக்கொண்டிருந்தார். தலை நிமிர்த்தவில்லை.

“கேக்கிற ஆக்களைப் பார்த்தனியோ தம்பி?”

“ஓம் அக்கா.”

பேனையை மூடி வைத்தார்.

“விசிறியை நிப்பாட்டிப்போட்டு வந்து இரு.”